பறந்ததை எழுதி வைப்போம்



எமது தமிழ்ப் பாடசாலை மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவதைத் தாங்கள் அறிவீர்கள். வானொலி அலைகளால் இயக்கப்படும் இவ்விமானங்களில் இன்று தீப்பெட்டி அளவிலான கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று பொருத்தப்படுகிறது. விமானத்தின் உயரம், வேகம், சாய்வு, பற்றரியின் வோல்ற்றளவு, இயக்குபவர் கைப்பிடியை அசைத்த விதம் ஆகிய யாவற்றையும் அது செக்கனுக்குப் பல தடவை நினைவு அட்டையில் பதிந்துகொள்கிறது. இப்பதிவை மேலும் பெருக்கவும் விரைவுபடுத்தவும் பிள்ளைகள் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றனர். ஆயினும், ஒரு பதிவு மேம்படுவதென்றால் என்ன என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியுள்ளது.

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவன் ஒருவனின் விமானம் விழுந்து நொறுங்கியது. "காற்றுத் தூக்கி அடிச்சுப் போட்டுது, சேர்" என்றான் அவன். அவனுடைய தந்தையாரோ, "இவனுக்கு ஓட்டத் தெரியாது, மாஸ்டர். காசுதான் வீண்" என்றார். இருவரையும் அருகில் இருத்தி நினைவு அட்டையைக் கணனியில் இட்டுப் பார்த்தோம். பதிவின் கடைசி வரியில் உயரம் 38 மீற்றர் என்றிருந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. நிலத்தில் மோதிய விமானத்தின் பதிவு நிலத்திலேயே முடிய வேண்டும். நடுவானில் முடிந்திருப்பின், பதிந்துகொண்டிருந்த பலகைக்கே மின்சாரம் அற்றுப்போயிற்று என்பது பொருள். காற்றின்மீதும் பழியில்லை, பையனின் கைமீதும் பழியில்லை.

பின்னர் முந்திய மூன்று பறப்புகளின் பதிவுகளைத் திறந்தோம். வாற்பகுதியை அசைக்கும் சிறு மோட்டர் இயங்கிய வேளைகளிலெல்லாம், பலகைக்குச் செல்லும் 5 வோல்ற்று மின்சாரம் தாழ்ந்திருந்தது. முதற் பறப்பில் 4.6, அடுத்ததில் 4.5, அதற்கடுத்ததில் 4.4. மோட்டரின் இணைப்புக் கம்பி இறுகியதால் அது மிகையான மின்னோட்டத்தை இழுத்திருக்கிறது. மோட்டரும் பலகையும் ஒரே மின்வழங்கலில் இணைக்கப்பட்டிருந்தமையால் ஈற்றில் பலகை செயலிழந்தது. அம்மூன்று பறப்புகளும் நலமாக முடிந்தமையால் அப்பதிவுகளை எவரும் திறந்து பார்க்கவில்லை. "வாலை எந்த நாளில் மாற்றிப் பூட்டினாய்?" என்று வினவினோம். அவனுக்கு நினைவில்லை. கோப்புகளில் வெறும் இலக்கங்களே இருந்தன.

இவ்விடத்தில் நாம் வாழும் மெல்பேர்ண் நகரில் பணியாற்றிய விஞ்ஞானி டேவிட் வாரனை நினைவூட்ட விரும்புகிறோம். 1934 இல் பாஸ் நீரிணைக்கு மேல் காணாமற்போன விமானத்தில் தந்தையாரை இழந்தபோது அவருக்கு வயது ஒன்பது. வளர்ந்து வானூர்தி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய காலத்தில், விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் உருக்குக் கம்பியில் பதியும் கருவியொன்றின் முன்மாதிரியை 1956 இல் உருவாக்கினார். தொடக்கத்தில் உள்நாட்டில் அதற்கு வரவேற்பு இருக்கவில்லை. 1960 இல் குயின்ஸ்லாந்தின் மக்காய் நகருக்கருகே விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 29 பேர் மாண்டனர். அவ்விபத்தின் விசாரணையைத் தொடர்ந்தே விமானிகளின் பேச்சைப் பதியும் கருவியை விமானங்களில் கட்டாயமாக்கிய முதல் நாடாக அவுஸ்திரேலியா விளங்கியது. நம் பிள்ளைகளின் கையிலுள்ள சிறு பலகை அக்கருவியின் வழிவந்ததே.

பதிவின் அருமையை நாமும் பட்டறிந்தவர்கள். 2008 இல் வன்னியில் எமது பாடசாலை இடம்பெயர்ந்தபோது வரவுப் பதிவேடுகளை எடுத்துச் செல்ல முடியவில்லை. பின்னாளில் தாயொருவர் வந்து, தம் மகன் எம்மிடம் கற்றான் என்பதற்கு ஒரு சான்று தருமாறு வேண்டினார். அப்பிள்ளை இருந்த வாங்கும் அவனது கையெழுத்தும் எம் நினைவில் இருந்தன. காட்டுவதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை. அன்று தொட்டு எழுதிவைக்கும் பழக்கத்தை நாம் சிறு காரியமாகக் கருதுவதில்லை.

ஆதலின் மாணவர்களுக்குச் சில கூறுவோம். முதலாவது, இயந்திரப் பதிவுடன் கைப்பதிவும் வேண்டும். திகதி, காற்றின் நிலை, பற்றரியின் இலக்கம், கடைசியாக மாற்றிய உறுப்பு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, கோப்பின் இலக்கத்தையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டாவது, ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் பலன் எதனால் விளைந்தது என்று அறிய முடியாது. மூன்றாவது, தேவைக்கு மேற்பட்ட வேகத்தில் பதிய முனையாதீர்கள். மெதுவான அட்டை ஈடுகொடுக்க இயலாமல் இடையிடையே வரிகளைத் தவறவிடும். நான்காவது, நலமாக முடிந்த பறப்பின் பதிவையும் படியுங்கள். ஆர்டுபைலற் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதிர்வின் அளவைக் கவனிக்கலாம். அது 30 இற்குக் கீழிருப்பின் பொதுவாகத் தொல்லையில்லை. 60 ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொல்லைதான். விழும்வரை காத்திராமல் அறிந்துகொள்ள இதுவே வழி. ஐந்தாவது, பிழை உங்களுடையதாயின் அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

கணனி யாவற்றையும் பதிகிறதே, கொப்பி எதற்கு என்று சில பெற்றோர் வினவுகின்றனர். வால் மாற்றிப் பூட்டப்பட்டதை எமது மாணவனின் பலகை அறிந்திருக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவனே, அவனும் மறந்துவிட்டான். அக்கொப்பி தமிழில் ஏன் இருக்க வேண்டும் என்றும் சிலர் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் எழுதுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் தன் விமானம் ஏன் விழுந்தது என்பதைத் தன் அம்மம்மாவுக்கு விளங்கும்படி நான்கு வரிகளில் எழுதத் தெரிந்த பிள்ளை, அக்காரணத்தைத் தானும் ஐயமற விளங்கிக்கொண்ட பிள்ளையாவான். எமது தமிழ் வகுப்புக்கு இதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சி வேறில்லை.

பெற்றோரிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. விமானம் உடைந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது செலவைப் பற்றி முதலில் பேசாதீர்கள். "பதிவைக் காட்டு, பார்ப்போம்" என்று கூறி அருகில் அமருங்கள். ஏசுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை காற்றின்மீது பழியைப் போடும்; கொப்பியிலும் அதையே எழுதும்.

அடுத்த ஆண்டு விழாவில் மாணவர்களின் பறப்புக் கொப்பிகளைக் காட்சிக்கு வைக்க எண்ணியுள்ளோம். மேற்சொன்ன மாணவன் தன் விமானத்தை மீளக் கட்டிவிட்டான். அவனது கொப்பியின் முதற்பக்கத்தில் வால் பூட்டிய திகதி இருக்கிறது. ஏனைய மாணவர்களும் தத்தம் கொப்பிகளுடன் வருமாறு அன்புடன் அழைக்கின்றோம்.