பல மரம் கண்ட தச்சர்கள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், எங்கள் பள்ளியில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இசை அறையில் ஆர்மோனியம் முழங்கும். மாடிப்படியின் அடியில் மூன்று ஞானியரும் வசனம் ஒப்பிப்பார்கள். வராந்தாவில் சுவர்ப் பத்திரிகைக்காக வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவே, "அரையாண்டுத் தேர்வு அடுத்த வாரம், நினைவிருக்கட்டும்!" என்று கணக்கு ஆசிரியையின் குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டதும் ஆர்மோனியம் ஒரு நொடி நிற்கும். மறு நொடி மீண்டும் தொடங்கும்.

மேல் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் ஐந்து பணிகளை ஏற்றுக்கொண்டோம். கரோல் குழுவுக்கு எட்டுப் பாடல்கள், கிறிஸ்து பிறப்பு நாடகம், சுவர்ப் பத்திரிகை, இந்த ஆண்டு மலருக்குக் கவிதைகள், முதியோர் இல்லத்துக்கு வாழ்த்து மடல்கள் என்பவை அவை. ஐந்துக்கும் கை தூக்கியவர்கள் பெரும்பாலும் அதே பன்னிரண்டு பேர்தாம். கை தூக்குவது எளிது. தூக்கிய கையால் எழுதி முடிப்பதுதான் அரிது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

இதைப் பற்றி வீட்டில் ஒரு கருத்து உண்டு. "பாட்டும் கூத்தும் சோறு போடுமா? தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழியும் உடன் வரும். பெற்றோரின் கவலை பொய்யன்று. எங்களுள் சிலருக்குச் சென்ற ஆண்டு அறிவியலில் மதிப்பெண் குறைந்தது உண்மை. ஆனால் குறைகளுக்கெல்லாம் பாட்டே காரணம் என்று சொல்லிவிடுவது சரியா? பல பணிகளை ஒருங்கே செய்து முடித்தவர்கள் உலகில் இல்லையா? இதைச் சற்று ஆராய்ந்து பார்த்தோம்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ஆம் ஆண்டில் 'மார்ட்டின் சஸல்விட்' என்ற நாவலை மாதத் தவணையாக எழுதிக்கொண்டிருந்தார். அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை; வீட்டிலோ பணமுடை. அந்த நிலையில் அக்டோபர் மாதம் 'கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கதையைத் தொடங்கினார். ஏறக்குறைய ஆறே வாரங்களில் அதை முடித்தார். டிசம்பர் 19-ஆம் நாள் நூல் வெளிவந்தது. அச்சிட்ட 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. மாதத் தவணையையும் அவர் கைவிடவில்லை. அந்த நாவல் 1844-இல் நிறைவுற்றது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆலய இசைக்குப் பொறுப்பாக இருந்த பாக், பள்ளிச் சிறுவர்களுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியராகவும் இருந்தார். 1734-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்காக அவர் ஆறு பகுதிகள் கொண்ட பேரிசைப் படைப்பு ஒன்றை அமைத்தார். ஆறையும் ஒரே நாளில் பாடவில்லை. டிசம்பர் 25, 26, 27 ஆகிய நாள்களிலும், 1735 ஜனவரி 1, 2, 6 ஆகிய நாள்களிலும் நாளுக்கு ஒரு பகுதியாகப் பாடினார்கள். அதிலுள்ள பல பாடல்களின் இசை, முந்தைய ஆண்டு அரச குடும்பத்தாரின் பிறந்தநாள் விழாக்களுக்காக அவரே அமைத்தது. பழைய மெட்டுக்குப் புதிய சொற்களைப் பொருத்தினார். இசை மேதையே பழையதை எடுத்துப் பயன்படுத்த வெட்கப்படவில்லை. நாங்களோ சென்ற ஆண்டு நன்றாகப் பாடிப் பழகிய பாடல்களை ஒதுக்கிவிட்டு எட்டும் புதிதாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம்!

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் முன்சீபாக இருந்தவர். வழக்குகளும் தீர்ப்புகளும் அவருக்கு அன்றாட அலுவல். அதனூடே 1859-இல் 'நீதிநூல்' வெளியிட்டார். பெண்கல்விக்காகப் 'பெண்மதி மாலை' எழுதினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகள் இயற்றினார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தையும் 1879-இல் தந்தார். பாட்டும் உரைநடையும் அவரது அலுவலைக் கெடுத்ததாக யாரும் சொல்லவில்லை. பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதிய ஒரு கத்தோலிக்கரின் உழைப்பைக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ஆகவே பல மரம் காண்பது குற்றமன்று. வெட்டாமல் விடுவதே குற்றம். நாங்கள் வெட்டாமல் விட்ட மரம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

முதியோர் இல்லத்துக்குச் சென்ற ஆண்டு அக்டோபரில் போயிருந்தோம். அங்கே இருந்த 22 பேருக்கும், "கிறிஸ்துமஸுக்கு உங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பாட்டு எழுதி மடலில் தருவோம்" என்று நாங்களாகவே வாக்குக் கொடுத்தோம். டிசம்பர் வந்தது. நாடகத்தை ஊரே பார்க்க வரும் என்பதால் அதற்கு மாலை தோறும் ஒத்திகை நடந்தது. கரோல் போட்டியில் பரிசு உண்டு என்பதால் அதற்குக் காலை தோறும் பயிற்சி நடந்தது. மடல்களைப் பற்றிக் கேட்பார் யாருமில்லை. "நாளைக்கு எழுதலாம்" என்று தள்ளினோம். புறப்படும் நாளில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது மடல்களே இருந்தன.

இல்லத்தில் பாடினோம், அனைவரும் கைதட்டினார்கள். மடல்களைக் கொடுத்து முடித்தபோது மூலையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, "எனக்கு இல்லையா கண்ணு?" என்று கேட்டார். "எழுதிக்கொண்டே இருக்கிறோம் பாட்டி" என்று பொய் சொன்னோம். தை பிறந்த பிறகு மீதிப் பதின்மூன்று மடல்களையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நல்லா இருக்கு கண்ணு. பண்டிகைதான் முடிஞ்சு போச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கரோல் போட்டியில் எங்களுக்குக் கிடைத்த கேடயம் இன்று அலுவலக அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் நினைவும் வருகிறது. பல வேலைகள் குவியும்போது முதலில் கைநழுவுவது எது என்று அன்று கண்டுகொண்டோம். கடினமான வேலை நழுவுவதில்லை. கைதட்டல் இல்லாத வேலையே நழுவுகிறது. எனவே யாரும் பார்க்காத வேலையை முதலில் முடிப்பது என்று இந்த ஆண்டு முடிவு செய்தோம். நவம்பர் மாதத்திலேயே 22 மடல்களையும் எழுதி, சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டோம். கரோலுக்குப் பழைய பாடல்கள் ஐந்து, புதியவை மூன்று என்று வைத்துக்கொண்டோம். தேர்வு வாரத்தில் ஒத்திகை இல்லை. ஒருத்தி இரண்டு பணிகளுக்கு மேல் கை தூக்கக் கூடாது என்பதும் எங்கள் தீர்மானம். இதனால் இதுவரை பின்வரிசையில் இருந்த தங்கைகள் பலருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

திருவருகைக் கால வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் இருக்கின்றன. நான்கையும் முதல் ஞாயிறன்றே ஏற்றினால் கிறிஸ்துமஸுக்கு முன்பே எல்லாம் உருகிப்போகும். திருச்சபையின் வழக்கமோ வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவது. பல ஆண்டுகளாக எங்கள் கண்முன் இருந்த பாடம் இது.

உலகமெங்கும் பாடப்படும் 'சைலண்ட் நைட்' பாடலும் பெரிய ஆரவாரத்தில் பிறந்ததன்று. ஜோசப் மோர் என்ற குருவானவர் 1816-இல் எழுதிய கவிதை இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குரூபர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். அன்றிரவே ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர் ஆலயத்தில், கிட்டார் இசைக்க இருவரும் பாடினார்கள். உள்ளத்தோடு செய்த சிறு பணி போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெற்றோரை நாங்கள் வேண்டுவது இதுதான்: எங்கள் பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஏற்றுக்கொண்டதை முடித்தாயா என்று கேளுங்கள். சகோதரியரையும் ஆசிரியைகளையும் வேண்டுவது: பரிசு பெற்ற பணியைப் பாராட்டுவதோடு, பரிசில்லாத பணியையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தங்கையருக்குச் சொல்வது: தாராளமாகக் கை தூக்குங்கள், ஆனால் எண்ணிப் பார்த்துத் தூக்குங்கள். பதறாத காரியம் சிதறாது.

இயேசு பாலன் பிறந்த இரவில் அரங்கமும் இல்லை, கேடயமும் இல்லை. ஆடு மேய்த்தவர்கள் சிலர்தாம் வந்து பார்த்தார்கள். அந்தக் குடிலின் முன் இந்த ஆண்டு நாங்கள் பாடி நிற்கும்போது, முடிக்காத மடல் ஒன்றும் எங்கள் பையில் இராது.