ஆறாம் வசனத்தை எப்போது வாசிப்போம்?

ஞாயிறு வாசகச் சிந்தனை என்றொரு எழுத்து வகை தமிழில் இருக்கிறது. கத்தோலிக்க இதழ்களிலும் பங்கு மடல்களிலும் வந்துகொண்டிருந்தது, இப்போது யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வருகிறது. அந்த ஞாயிறன்று ஆலயத்தில் வாசிக்கும் விவிலியப் பகுதி, ஒரு குட்டிக் கதை, கடைசியில் அன்றாட வாழ்வுக்கு ஒரு பாடம். பீடத்தில் நின்று குருவானவர் ஆற்றும் மறையுரையும் பெரும்பாலும் இதே அச்சில்தான் இருக்கும்.

அந்த 'அன்றாட வாழ்வு' எது என்று கவனித்திருக்கிறீர்களா? கணவன் மனைவி சண்டை, பிள்ளைகளின் கையில் செல்போன், குடி, கடன், பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமை, மன்னிக்க முடியாத மனம். எல்லாம் உண்மையான பாடுகள்தான், பேச வேண்டியவைதான். ஆனால் எந்தத் தெருவில் வீடு, எந்தக் குழாயில் தண்ணீர், யார் வீட்டில் பெண் எடுப்பது, எந்தப் பக்கம் புதைப்பது என்று ஒரு தமிழ்க் கிராமத்தில் பிறப்பு முதல் இறப்பு வரை தீர்மானிக்கிற சாதி மட்டும் அந்த அன்றாட வாழ்வில் பெரும்பாலும் வருவதில்லை.

'தேவாலயத்தில் என்ன பேசினால் நமக்கென்ன?' என்று இதை வாசிக்கும் கடவுள் மறுப்பாளர்கள் கேட்கலாம். தமிழகக் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஆதிக்கச் சாதியினரும் தலித்துகளும் ஒரே கூரையின் கீழ் வாரந்தோறும் உட்கார்ந்து ஒருவர் பேச்சை அமைதியாகக் கேட்கிற இடங்கள் இந்த மாநிலத்தில் அதிகம் இல்லை. அந்த இடத்தில் எது பேசப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது சாதி ஒழிப்பில் அக்கறை உள்ள எல்லோருக்கும் உரிய விஷயம்.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து தொடங்குவோம். நல்ல சமாரியர் உவமை. அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் தாண்டிப் போனார்கள், சமாரியர் ஒருவர் தூக்கிக் காப்பாற்றினார். 'சாலையில் விபத்தைக் கண்டால் விலகிப் போகாதீர்கள்' என்பதே இதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் பாடம். யூதர்கள் சமாரியரோடு பழகாதவர்கள், அவர்களைத் தீட்டாக நினைத்தவர்கள். கதையைக் கேட்ட யூதர்கள் தங்களை எங்கே வைத்துப் பார்த்திருப்பார்கள்? அடிபட்டவரின் இடத்தில். தன் உயிர் பிழைக்க, தான் தொடக்கூடாது என்று ஒதுக்கிய கை தன்னைத் தொட வேண்டியிருக்கிறது. கதை முடிந்ததும் 'இவர்களில் அயலார் யார்?' என்று இயேசு கேட்கிறார். பதில் சொல்லும் திருச்சட்ட அறிஞரின் வாயில் 'சமாரியர்' என்ற சொல் வரவில்லை. 'இரக்கம் காட்டியவர்' என்று சுற்றிவளைத்துச் சொல்கிறார். நம் மறையுரைகளும் அவரைப் போலத்தான். 'ஏழைகள்', 'எளியவர்கள்', 'விளிம்புநிலை மக்கள்' என்று எல்லாம் வரும். சேரியின் பெயர் வராது.

இன்னொரு சமாரியர், கிணற்றடியில் இயேசு சந்தித்த பெண். தவக்காலம் மூன்றாம் ஞாயிற்றில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நற்செய்தி. ஒரு யூதர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார், அந்தப் பெண்ணே திகைத்துப் போகிறார். இரட்டைக் குவளையை அறிந்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் மறையுரை எங்கே போய் நிற்கிறது? அந்தப் பெண்ணின் ஐந்து கணவர்களிடம். ஒழுக்கப் பாடம் முடிவதற்குள் தண்ணீர்க் குடம் மறந்துபோகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2023 மார்ச் 12 அன்று, ஆலயங்களில் வந்த நற்செய்தி இந்தக் கிணற்றடிக் கதைதான். வாசகத்தை அன்றாட வாழ்வோடு இணைக்க இதைவிடப் பொருத்தமான ஞாயிறு வாய்க்குமா? உங்கள் பங்கில் அன்று வேங்கைவயல் என்ற பெயர் ஒலித்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

இது விளக்குபவர்களின் குறை. வாசக அட்டவணையிலும் ஒரு குறை இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969 முதல், ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. உலகம் முழுவதும் அநேகமாக ஒரே அட்டவணை. முழு விவிலியத்தையும் வாசிக்க நேரம் இருக்காது என்பதால் சில பகுதிகளைத் தேர்ந்து, சிலவற்றைத் தாண்டுகிறார்கள். அப்படித் தாண்டியவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, யாக்கோபு திருமுகம். இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிற்றில் இதன் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. தொழுகைக் கூடத்துக்குள் பொன் மோதிரம் அணிந்த ஒருவரும் அழுக்கு உடையில் ஓர் ஏழையும் வருகிறார்கள். முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. பின்னவரை அங்கே நிற்கவோ கால்மாட்டில் உட்காரவோ சொல்கிறார்கள். இப்படி வேற்றுமை பாராட்டலாமா என்று கேட்டு, ஐந்தாம் வசனத்தில் கடவுள் ஏழைகளைத் தேர்ந்துகொண்டார் என்ற ஆறுதலோடு வாசகம் முடிகிறது. அடுத்த ஞாயிறு 14ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறது. ஆறாம் வசனத்தில் யாக்கோபு சபையைப் பார்த்து நேராகச் சொல்கிறார், நீங்கள் ஏழையை அவமதித்துவிட்டீர்கள் என்று. ஒன்பதாம் வசனத்தில் ஆள் பார்த்து நடத்துவது பாவம் என்கிறார். ஆறுதல் காதில் விழுகிறது, குற்றச்சாட்டு விழுவதில்லை.

இரண்டாவது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11ஆம் அதிகாரம். இயேசு அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்த பகுதி பெரிய வியாழனன்றும் மூன்றாம் ஆண்டின் நற்கருணைப் பெருவிழாவிலும் வாசிக்கப்படுகிறது. 23 முதல் 26 வரையான வசனங்கள் மட்டும். பவுல் அதை ஏன் எழுத நேர்ந்தது என்பது அதற்கு முந்தைய வசனங்களில் இருக்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று கடிந்துகொள்கிறார் பவுல். இந்தக் கோபத்தை விட்டுவிட்டு அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது, கலாத்தியர் திருமுகம். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பந்தியிலிருந்து விலகினார். எல்லோர் முன்னிலையிலும் பவுல் அவரைத் தட்டிக்கேட்டார். மூன்றாம் ஆண்டின் ஞாயிறுகளில் இத்திருமுகம் வரிசையாக வாசிக்கப்படும்போது, முதல் அதிகாரம் 19ஆம் வசனத்திலிருந்து இரண்டாம் அதிகாரம் 16ஆம் வசனத்துக்குப் போய்விடுகிறார்கள். தலைமைத் திருத்தூதரே சமபந்திக்குப் பயந்ததும், அதற்காகத் தட்டிக்கேட்கப்பட்டதும் இடையில் விழுந்துவிடுகின்றன.

சாதியைக் காப்பாற்ற உரோமையில் யாரோ சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விடுபட்ட கொரிந்தியர், கலாத்தியர் பகுதிகள் வார நாள் திருப்பலியில் வரத்தான் செய்கின்றன. ஆனால் ஊர் கூடுவது ஞாயிற்றுக்கிழமை. இருக்கை, பந்தி, தீட்டு என்ற மூன்றும் அன்றைய காதுகளுக்கு எட்டாமல் போவது தமிழ்நாட்டில் வேறு பொருள் கொள்கிறது.

ஏனென்றால் இங்கே இருக்கை உண்மையாகவே பிரிந்திருந்தது. வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே வேளாளரையும் நாடாரையும் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் பிணங்களைச் சுவர் பிரித்தது. உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், பாகுபாடு தாங்காமல் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். அன்றைய காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் தங்களைத் திருவிழாவிலிருந்து ஒதுக்குவதாகத் தலித் மக்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

திருச்சபைத் தலைமைக்கு இது தெரியாததல்ல. 2003இல் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016இல் கொள்கை ஆவணமே வெளியிட்டது. நவம்பரில் 'தலித் விடுதலை ஞாயிறு' என்று ஒரு நாளும் குறித்திருக்கிறார்கள். 52 ஞாயிறுகளில் ஒன்று.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியில். பட்டியல் சாதி இட ஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அரசு சொல்லும் காரணம், கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது. ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு தெருவில் நின்று 'எங்களிடமும் சாதி இருக்கிறது' என்று திருச்சபை முழங்குகிறது. மறு ஞாயிறு பீடத்தில், கிறிஸ்துவில் நாம் எல்லோரும் ஒன்று என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறது. அரசின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

சிறுபான்மையினர் மீது சங் பரிவாரம் பாயும் காலத்தில் இதைப் பேசலாமா என்று தோழர்கள் சிலர் தயங்குகிறார்கள். பிரார்த்தனைக் கூட்டங்கள் தாக்கப்படும்போது நாம் கிறித்தவர்களோடு நிற்கிறோம், நிற்க வேண்டும். அப்படித் தாக்கப்படுபவர்களில் பலரும் தலித்துகளும் பழங்குடிகளும்தான். அவர்களுக்காக வெளியே குரல் கொடுத்துவிட்டு, ஆலய வளாகத்துக்குள் அவர்களுக்கு நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் நாம் யாரைக் காப்பாற்றுகிறோம்? மதம் மாறியும் சாதி விடாததை அம்பேத்கர் கிறித்தவ மிஷனரிகளிடம் தயவு தாட்சண்யமின்றிக் கேட்டார். அது பகைமையால் எழுந்த கேள்வி அல்ல.

பீடத்தில் சாதியைப் பேசினால் பங்கு உடையும் என்பது குருக்கள் தரப்பின் பயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆதிக்கச் சாதியினர் ஆலயத்தைப் பூட்டிவிடவும் கூடும். ஆனால் வடக்கன்குளம் சுவரை 1910இல் இடித்தவரும் ஒரு குருதான், இயேசு சபையைச் சேர்ந்த கௌசானல். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது. சுவர் திரும்ப எழவில்லை. பந்தியில் பேதுருவைத் தட்டிக்கேட்ட பவுலின் வழியில் வந்தவர்கள் இதைவிடக் குறைவாகச் செய்ய நியாயம் இல்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. குருவானவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்பியக் கூட்டத்திலும் இளைஞர் இயக்கத்திலும் வாசகத்தை நீங்களே எடுத்து, முன்னும் பின்னும் பத்து வசனம் சேர்த்து வாசியுங்கள். பிறகு நம் பங்கைப் பற்றிக் கேளுங்கள். சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? பங்குப் பேரவையில் யார் யார்? கல்லறைத் திருநாளில் யார் எந்தப் பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்? பதில்களை எழுதுங்கள். அதுதான் உங்கள் ஞாயிறு சிந்தனை. பங்கு மடல் போடாவிட்டால் வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

யாக்கோபின் அந்த வாசகம் அடுத்து 2027 செப்டம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வாசகர் ஐந்தாம் வசனத்தில் நிறுத்துவார், அட்டவணை அப்படி. அதன் பிறகு மறையுரை தொடங்கும். ஆறாம் வசனத்தைச் சேர்த்துப் பேச எந்தக் குருவுக்கும் தடையில்லை. அவர் பேசாவிட்டால், திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் ஏன் பேசவில்லை என்று கேட்க உங்களுக்கும் தடையில்லை.