மூச்சு வாங்கினால் டானிக் போதுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி நாலு படி ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பூந்தமல்லிக்கு அப்பால் நாற்று நடும் தாய் ஒருத்தி, நிமிரும்போது கண் இருண்டு வரப்பிலே உட்கார்ந்துவிடுகிறாள். இருவருக்கும் என்ன சொல்லப்படுகிறது? "ரத்தம் குறைவு, பலவீனம், டானிக் சாப்பிடு." பலருக்கு அது உண்மைதான். வயிறார உண்ணாதவனுக்குப் பலவீனம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் எல்லோருக்கும் அதுவே உண்மையல்ல.

ஆவடிப் பக்கத்து லேத் பட்டறைத் தோழர் ஒருவரை நாம் அறிவோம். ஓராண்டாக அவருக்கு மூச்சுத் திணறல். உட்கார்ந்தால் முட்டும், ஒருக்களித்துப் படுத்தால் தணியும். இடையிடையே காய்ச்சல், உடம்பும் இளைத்தது. டானிக் பாட்டில்கள் காலியாயின. ஒருநாள் விடியற்காலை வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அதன் பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். இருதயத்தின் இடது மேலறையில் ஒரு கட்டி! அதிலிருந்து பிய்ந்த துணுக்கு ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. கட்டியை அறுத்தெடுத்தார்கள், ஆள் பிழைத்தார். ஆனால் அந்தக் கை இன்னும் மைக்ரோமீட்டரைப் பிடிக்க மறுக்கிறது.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று மக்கள் நடுங்குகிறார்கள். இது அதுவல்ல. இருதயத்திலேயே முளைக்கும் கட்டிகளில் ஏறக்குறைய முக்கால்வாசி புற்று அல்லாதவை. பெரியவர்களிடம் அதிகமாகக் காண்பது மிக்ஸோமா எனும் கூழ் போன்ற கட்டி. பெரும்பாலும் இடது மேலறையின் நடுச்சுவரில் ஒரு காம்பில் தொங்கும். பம்பு செட்டின் வால்வில் கந்தல் சிக்கினால் தண்ணீர் நிற்பதுபோல, இது வால்வின் வாயில் விழுந்தால் ரத்த ஓட்டம் தடைப்படும், மயக்கம் வரும். குழாய் வைத்துக் கேட்டால், மூட்டுக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவனின் சத்தம் போலவே இருக்கும். அனுபவசாலி வைத்தியரும் ஏமாறுவார். ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் இதைத் திட்டமாகச் சொல்லா.

ஒரு காலத்தில் பிரேத பரிசோதனையில்தான் இந்தக் கட்டியைப் பெரும்பாலும் கண்டார்கள். 1954ல் ஸ்டாக்ஹோமில் கிராஃபூர்ட் என்ற அறுவை வைத்தியர், இருதய-நுரையீரல் யந்திரத்தின் துணையோடு ஒரு பெண்ணின் இருதயத்திலிருந்து இதை வெற்றிகரமாக எடுத்தார். உள்ளே கட்டி இருக்கிறதென்று சுலபமாகக் கண்டுபிடிக்கும் வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? கப்பல் கட்டும் தளத்திலிருந்து!

சுவீடனின் மால்மோ நகரத் தளத்தில், உலோகத்தில் ஒளிந்திருக்கும் விரிசலைக் கேளா ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் கண்டுபிடித்துவந்தார்கள். 1953ல் எட்லர் என்ற வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும் அந்தக் கருவியை மனிதன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். எக்கோ பிறந்தது. 1959ல் ஜெர்மனியில் எஃபெர்ட்டும் சகாக்களும் அதே முறையில் இடது மேலறைக் கட்டியைக் கண்டு எழுதினார்கள். இன்றோ திரையில் கட்டி வால்வுக்குள் குதித்துத் திரும்புவதையே பார்க்கலாம். கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. நெஞ்சில் பசை தடவிப் படுத்தால் போதும். ரத்தக்கட்டியா மிக்ஸோமாவா என்று சந்தேகம் வந்தால் உணவுக்குழாய் வழி எக்கோவும், எம்.ஆர்.ஐ.யும் உண்டு.

ரயில் சக்கர அச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று இன்றும் கேளா ஒலியால்தான் சோதிக்கிறார்கள். அச்சு வாய் திறந்து புகார் சொல்வதில்லை. தவணை தவறாமல் அதற்குச் சோதனை நடக்கிறது. மனிதன் ஓராண்டு புகார் சொன்னாலும் அவனுக்கு டானிக்!

"இது அபூர்வ நோய், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று சிலர் கேட்பார்கள். அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே எக்கோதான் மூட்டுக் காய்ச்சலால் கெட்ட வால்வையும் காட்டுகிறது. அந்த நோய் ஏழை வீடுகளில் அபூர்வமா? கட்டிக்காக எடுத்த எக்கோ வால்வு நோயைப் பிடித்தால் நஷ்டம் யாருக்கு?

அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவலாம். முதலில் நோய் இன்னதென்று தெரியவேண்டுமே! வயலில் வேலை செய்கிறவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனுக்கும் பிரதான முதலாளியே முதலில் சந்தா கட்டவேண்டும் என்று 1948ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டமே எழுதிவைத்தது. எத்தனை பேர் கையில் அட்டை இருக்கிறது?

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியும், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. திணறலோ மயக்கமோ திரும்பத் திரும்ப வருகிறவர்கள், முக்கியமாக நிலை மாறிப் படுத்தால் அது கூடிக் குறைகிறவர்கள், "எக்கோ வேண்டாமா?" என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்கவேண்டும். படம் எடுக்க ஆகும் நேரம் கொஞ்சம்தான். பஸ்ஸுக்கும் வரிசைக்கும் ஒரு நாள் போகிறது. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது என்பதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துக்கொள்வோம்.