பீட் விலகவில்லை, மனமும் அசையவில்லை

சாஷாவின் 'ஃபண்டாசியோன் என்ஒய்சி' மிக்ஸ் ஆல்பத்தை 2005இல் குளோபல் அண்டர்கிரவுண்ட் வெளியிட்டது. ஜான் டிக்வீடும் அவரும் சேர்ந்து 1994இல் செய்த 'ரினைசன்ஸ்', 1996இல் செய்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' இரண்டையும் கேட்டுத்தான் நம்மில் பலர் டெக் முன் நிற்கவே ஆசைப்பட்டோம். அப்படிப்பட்டவரின் ஆல்பம் என்பதால்தான் அது தந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. இத்தனை வருடம் கழித்து அதை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. அன்று அந்த ஆல்பத்தில் கேட்ட குறை, இன்று விமர்சனத்துக்கு வரும் மிக்ஸ்களில் பாதிக்குமேல் கேட்கிறது.

நியூயார்க்கின் க்ரோபார் கிளப்பில் அவர் நடத்திவந்த இரவுகளின் பெயரைத்தான் ஆல்பத்துக்கு வைத்தார். அதே ஊரில், 2001இல் மூடப்படும்வரை, ட்விலோ கிளப்பில் டிக்வீடும் அவரும் விடியும்வரை வாசித்த நீண்ட செட்கள் பேர்போனவை. இந்த ஆல்பத்துக்கு ஏபிள்டன் லைவ் மென்பொருளையும், தமக்கென்றே செய்துகொண்ட மேவன் கன்ட்ரோலரையும் பயன்படுத்தினார். பழியைக் கருவிமேல் போடுவது சுலபம். நான் போடமாட்டேன்.

வினைலில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். டெக்னிக்ஸ் 1200இல் பிட்ச் ஸ்லைடர் எட்டு சதவீதம் மேலே போகும், எட்டு சதவீதம் கீழே வரும். வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். ஆகவே டெம்போ ஒத்துவந்தும் இரண்டு பேஸ்லைன்கள் ஒன்றோடொன்று மோதும். அந்த ட்ராக்கைத் திரும்பப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். 126 பிபிஎம்மில் 32 பார் ஓட ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடமும் ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அரங்கு, விரல் பிளேட்டர் விளிம்பில். கிக் நூலளவு விலகினாலும் ஆடுகிறவர்களின் கால் அதை உணர்ந்துவிடும். ஒரு ட்ராக்கிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒவ்வொரு முறையும் ஒரு முடிவாக இருந்தது. எதை விடுவது, எதைக் கொண்டுவருவது, எந்த பாரில் பேஸை வெட்டுவது என்று யோசிக்காமல் அதைக் கடக்க முடியாது.

லைவ் மென்பொருளின் வார்ப் வசதி வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. எதோடும் எதையும் சேர்க்கலாம். பொருந்தாததைக் கருவியே தள்ளிவிட்ட காலம் போய், ரசனை மட்டுமே தள்ளவேண்டிய காலம் வந்தது. வேலை குறையவில்லை, கூடிவிட்டது. 'ஃபண்டாசியோனில்' அந்தக் கூடுதல் வேலை நடக்கவில்லை என்பதே என் குறை. ட்ராக்குகள் ஒன்றில் ஒன்று வெகு நேர்த்தியாகக் கரைகின்றன. ஆனால் எல்லாம் ஒரே சூட்டில் கிடக்கின்றன. ஒரு பிரேக்டவுன் வந்தால் அதற்குப் பிறகு எழும் ட்ராக்குக்காக உடம்பு தவிக்க வேண்டும். இங்கே அது எழுவதற்கு முன்பே அடுத்ததன் ஒலிகள் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன. வந்து சேர்வது எதுவும் வந்ததாகத் தெரிவதில்லை.

இதே மனிதர் ஒரு வருடம் முன்னால் 'இன்வால்வர்' செய்திருந்தார். அதிலும் கணினிதான். பிறருடைய ட்ராக்குகளின் பகுதிகளைப் பிரித்து வாங்கி, ஒவ்வொன்றையும் தாமே மறுபடி கட்டினார். உல்ரிக் ஷ்னாஸின் மெல்லிய உருகலும் ஃபீலிக்ஸ் டா ஹவுஸ்கேட்டின் துடிப்பும் ஒரே தொகுப்பில் தம் முகம் தொலையாமல் நிற்கின்றன. மிச்சமான நேரத்தை எங்கே செலவிடுவது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ரிச்சி ஹாட்டின் 2001இலேயே 'டிஇ9: குளோசர் டு தி எடிட்'டில் ட்ராக்குகளை 300க்கும் மேற்பட்ட லூப்களாக வெட்டிக் கோத்தார். பீட் பொருத்தும் பாரம் இறங்கியதும் அவர் இன்னும் கடினமான ஒரு பாரத்தைத் தேடிப் போனார். மறுகோடியில் ஜெஃப் மில்ஸ்: டோக்கியோவின் லிக்விட் ரூமில் 1995இல் பதிவாகி மறுவருடம் வெளிவந்த மிக்ஸில் கை தடுமாறும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த நொடி என்ன செய்யப்போகிறார் என்ற பதற்றத்திலேயே கேட்டு முடிக்கிறோம்.

சாஷாவுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சிடியில் 80 நிமிடத்துக்குமேல் அடங்காது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் லேபிளிடம் அனுமதி பெற வேண்டும். ஒன்று மறுக்கப்பட்டாலும் அதைச் சுற்றிக் கட்டிய பகுதி முழுவதையும் கலைத்துக் கட்ட வேண்டும். ஆறு மணி நேர இரவை அதற்குள் அடைப்பது யாருக்கும் எளிதல்ல. ஆனாலும் 'நார்தர்ன் எக்ஸ்போஷரு'க்கும் இதே கட்டுப்பாடுகள் இருந்தன.

இன்று சிங்க் பட்டன் பெரும்பாலான டிஜிட்டல் டெக்குகளில் இருக்கிறது, கீ பொருத்தமும் திரையில் வண்ணமாகத் தெரிகிறது. அவற்றை அழுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. நமக்கு மிக்ஸ் அனுப்புகிறவர்களிடம் இனி ஒன்று கேட்கப்போகிறோம்: பட்டியலோடு ஒரு குறிப்பும் எழுதுங்கள். எந்த இரண்டு ட்ராக்குகளுக்கு இடையே அதிக நேரம் தயங்கினீர்கள், கடைசியில் எதை வெளியே வைத்தீர்கள், ஏன்? எங்கள் விமர்சகர்கள் மிக்ஸை முழுக்க ஒருமுறை கேட்ட பிறகே அந்தக் குறிப்பைப் பிரிப்பார்கள்.