வெள்ளைக்கார நாணயம்

“வெள்ளைக்காரன் காலத்திலே நாணயம் இருந்தது, ஐயா!” புதுக்கோட்டைக் கடைத்தெரு முதல் ராயவரத்துத் திண்ணை வரை இதைக் கேட்டு என் காது புளித்துவிட்டது. இப்படிப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டை ஞாபகப்படுத்துகிறேன்.

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனியின் தலைவர் அவர். துரை என்ற பெயரையும் ஸர் பட்டத்தையும் நம்பிப் பென்ஷன்காரர்கள் ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். லண்டன் கூட்டாளியின் சூதாட்ட வியாபாரத்தில் பணம் கரைந்தது. 1906 அக்டோபர் 22-இல் கம்பெனி நொடித்தது.

“அவருக்குத் தண்டனை கொடுத்ததும் வெள்ளைக்காரச் சட்டந்தானே?” என்பீர்கள். வாஸ்தவம், 18 மாதக் கடுங்காவல். போட்டவர்களுக்குப் போட்டது முழுதும் கிடைத்ததா?

அந்த இடிபாட்டிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தார் சிலரும் 1907-இல் இந்தியன் பாங்கை எழுப்பினார்கள். நகரத்தாரிலும் நொடித்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெட்டியடியில் வரவு செலவு நேராகும் வரை கணக்குப்பிள்ளைக்குச் சோறு இறங்காது.

நாணயத்துக்கு அந்தப் பேரேடுதான் சாட்சி. தலைவர் துரையானாலும் சரி, நம்மூர்க்காரரானாலும் சரி, முதலில் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்; கும்பிடு அப்புறம் போடலாம்.