பூனையும் கூட வரட்டும்!

ஆடி பிறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டுமென்று ஆனி மாதத்தில் எல்லோரும் பறப்போம். பீரோ, பாத்திரம், தறி, பாவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருப்போம். வாயில்லா ஜீவனின் நினைப்பு மட்டும் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் வரும்.

எங்கள் ஆரணிச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பத்து வருஷமா வாடகை வீட்டுல தறி போட்டு, இப்பத்தான் ஒரு மைல் தள்ளி சொந்த வீடு கட்டியிருக்கோம் அக்கா. நாயைக் கூட்டிட்டுப் போறோம். பூனையை மட்டும் விட்டுட்டு வரணுமாம். 'நாய் ஆளை நம்பும், பூனை வீட்டை நம்பும். கொண்டு போனாலும் ஓடி வந்துடும்'னு அத்தை சொல்றாங்க. எம் பொண்ணு சரியாச் சாப்பிடாம அழறா. என்ன செய்யட்டும்?"

உங்கள் அத்தை சொல்வதில் பாதி நிஜம், சகோதரி. பூனைக்குத் தன் எல்லைதான் உலகம். 1922-ல் ஹெரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு தாய்ப்பூனையைச் சில மைல் தூரம் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அது குட்டிகளைத் தேடித் திரும்பி வந்துவிட்டது! ஒரு மைல் தூரம் உங்கள் பூனைக்குப் பெரிசில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் யோசியுங்கள். பத்து வருஷமாகப் பட்டுப் பாவை எலி கடிக்காமல் காத்த ஜீவன் அது. பழைய வீட்டுக்கு வரும் புதுக் குடித்தனக்காரர் சோறு வைப்பாரா, துடைப்பத்தை எடுப்பாரா, யார் கண்டது? பூனையைப் பழக்க முடியும். அதற்கு வேண்டியது ஓர் அறையும் மூன்று வாரப் பொறுமையும்தான்.

கிளம்புமுன்: மூடி போட்ட மூங்கில் கூடையை ஒரு வாரம் முன்பே திறந்து வைத்து, அதற்குள்ளேயே சோறு வையுங்கள். கூடையைக் கண்டு மிரளாது. அது படுக்கும் பழந்துணியைத் துவைக்காதீர்கள். அந்த வாசனைதான் அதற்குத் தைரியம். பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். சாக்கில் கட்டி, குட்டி யானை வண்டியில் சாமான்களோடு ஏற்றுவது மகா தப்பு. வெயிலில் மூச்சுத் திணறிவிடும். கூடை உங்கள் மடியில் இருக்கட்டும்.

பால் காய்ச்சும் நாள்: ஹோமப் புகை, மேளம், கூட்டம், எல்லாமே பூனைக்குப் பயம். முடிந்தால் விசேஷம் முடிந்த மறுநாள் கொண்டு வாருங்கள்.

வந்த பிறகு: ஒரு சின்ன அறையில் ஜன்னலைச் சாத்தி விடுங்கள். பழந்துணி, தண்ணீர், சோறு ஒரு பக்கம். ஒரு தட்டில் மணல் மறு பக்கம். பழைய வீட்டு மண் ஒரு பிடி கலந்தால் இன்னும் நல்லது. மெல்லிய பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அதே துணியைக் கதவு மூலைகளில் அதன் உயரத்தில் தேயுங்கள். பூனை தன் இடத்துக்கு அடையாளம் வைப்பது கன்னத்து வாசனையால்தான். சில நாளில் மற்ற அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம். வெளியே மட்டும் மூன்று வாரம் விடாதீர்கள். அதன் பிறகும் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னதாக விட்டால், பசிக்குத் திரும்பி வரும். இங்கிலாந்தில் பூனையின் பாதத்தில் வெண்ணெய் தடவினால் ஓடாது என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. வெண்ணெய் நமக்கு மிச்சமாகட்டும்!

நெசவு வீடுகளுக்கு மூன்று எச்சரிக்கை. முதலாவது, நூல். புது இடத்தில் தரையில் கிடக்கும் பட்டு இழை, ஜரிகைத் துண்டை விளையாட்டாக விழுங்கினால் குடலையே அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரண்டாவது, புடவை பீரோவில் போடும் பாச்சை உருண்டை. நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். மூன்றாவது, ஃபினாயில். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் ஆபத்து. சோப்புத் தண்ணீரே போதும். பூனை பயத்தில் தறிக்குழிக்குள் ஒளிந்தால் கையை விட்டு இழுக்காதீர்கள். சோற்றை அருகில் வைத்துவிட்டு நகருங்கள், தானே வரும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒன்றுமே தின்னாவிட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டினி பூனையின் ஈரலைக் கெடுக்கும்.

நாயின் கதை வேறு. நீங்கள் இருக்கும் இடமே அதற்கு வீடு. அதே தட்டு, அதே நேரம், அதே ஆள் கையால் சோறு என்று வழக்கம் மாறாமல் இருக்கட்டும். முதல் சில நாள் தனியாகப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். புதுத் தெரு நாய்களோடு சண்டை வரும். அதனால் கயிற்றில் பிடித்தே வெளியே அழைத்துப் போங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வீடு மாறுமுன் இரண்டுக்குமே சரிபார்த்து விடுங்கள். பூனை கடித்தாலும் அந்த நோய் வரலாம் என்பது பல பேருக்குத் தெரியாது.

மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், சகோதரி. கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் வேலை உங்கள் பெண்ணுடையதாக இருக்கட்டும். சாப்பிட உட்கார்ந்து விடுவாள், பாருங்களேன்.