துணைச் செல் தளர்ந்தால்
கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியவரின் முன்கையில் வெளிறிய தேமல். சுகாதாரப் பணியாளர் அதைப் பேனா நுனியால் மெல்லத் தொட்டு, "தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொழுநோய்ப் பரிசோதனை. இந்த நோய் தாக்குவது நரம்பை. நரம்பு மண்டலம் என்றாலே நியூரானைத்தான் பேசுகிறோம். அதைப் பேணும் கிளியா செல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. கைகால் நரம்புகளில் அந்த வேலையைச் செய்பவை ஷ்வான் செல்கள். மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல நரம்பிழையைச் சுற்றி மையலின் என்ற உறையைப் போர்த்தி, செய்தி விரைந்தோட வழி செய்கின்றன. இழை அறுந்தால் மீண்டும் வளரத் தடம் போட்டுத் தருவதும் அவையே. தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்தச் செல்களுக்குள்தான். அவை நலிந்தால் நரம்பும் பட்டுப்போகிறது. சூடு உறைக்காது, முள் தைத்தது தெரியாது. நோயே விரலைத் தின்கிறது என்று நம்பிய காலத்தில், வலி தெரியாமல் படும் காயங்களே விரலைப் பறிக்கின்றன என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். இன்று கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதச் சிகிச்சையில் கிருமி ஒழியும். ஆனால் நாள்பட்டு இறந்த நரம்பை எந்த மாத்திரையும் எழுப்பித் தராது. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. சந்தேகம் வந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.